கடைசிக் காட்சிக்கு முன் விளக்கைப் போட்டவர்களுக்கு

சனிக்கிழமை இரவு மொட்டைமாடியில் தொடர் போட்டுப் பார்த்தபோது நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். நான் ஏன் சாப்பிடாமல் கிளம்பினேன் என்று மூன்று நாட்களாகக் கேட்கிறீர்கள். ‘கதைதான் முடிந்துவிட்டதே, பரோட்டா ஆறுகிறது’ என்று விளக்கைப் போட்டுவிட்டீர்கள். கதை முடியவில்லை. ஜான் கெல்லியை இன்னும் அடக்கம் செய்யவில்லை.

வராதவர்களுக்காகச் சொல்கிறேன். பார்த்தது ஸ்டார் டிரெக் வாயேஜர் என்ற அமெரிக்க விண்வெளித் தொடரின் ‘ஒன் ஸ்மால் ஸ்டெப்’ அத்தியாயம். கதைப்படி 2032-இல் ஏரீஸ் 4 என்ற விண்கலம் செவ்வாய்க்குப் போகிறது. இரண்டு பேர் தரையில் இறங்கியிருக்கிறார்கள். கெல்லி மட்டும் மேலே, தாய்க்கலத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறார். எங்கிருந்தோ வந்த ஓர் ஆற்றல் கோளம் அவரைக் கலத்தோடு விழுங்கிவிடுகிறது. அவர் உடனே இறந்துவிட்டார் என்று பூமியில் முடிவுகட்டிவிடுகிறார்கள். அவர் இறக்கவில்லை. கோளத்துக்குள்ளேயே உட்கார்ந்து, கலத்தின் சக்தி தீரும் வரை அளவீடுகள் எடுக்கிறார். பார்த்ததையெல்லாம் பேசிப் பதிவுசெய்கிறார். கேட்க ஒருவரும் இல்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்தக் குரல் அங்கேயே கிடக்கிறது.

அதைக் கேட்பவள் செவன் ஆஃப் நைன், பிற்காலத்து வாயேஜர் விண்கப்பலின் குழுவில் ஒருத்தி. பழைய வரலாறெல்லாம் தேவையற்றது என்று சொல்லிக்கொண்டிருந்தவள். தாங்கள் வந்த சிறு விண்ஓடம் கோளத்துக்குள் பழுதாகிவிட்டதால், அதற்கு ஒரு பாகம் எடுக்கத்தான் கெல்லியின் கலத்துக்குள் போகிறாள். கை வேலை செய்கிறது, காதில் அவர் குரல். பக்கத்து இருக்கையில் அவரே இருக்கிறார், எலும்பாக. அவள் அந்தப் பதிவை நிறுத்தவில்லை. நீங்கள்தான் நிறுத்தினீர்கள்.

கடைசிக் காட்சியில் கெல்லியின் சவப்பெட்டிக்கு முன் எல்லோரும் நிற்கிறார்கள். செவன் முன்னால் வருகிறாள். கெல்லிக்குப் பிடித்த பேஸ்பால் அணி ஒன்று உண்டு. அந்த ஆண்டுப் போட்டியின் முடிவு தெரியாமலே அவர் போய்விட்டார். அவள் பெட்டியின் மேல் கைவைத்து, உங்கள் அணி ஆறு ஆட்டங்களில் வென்றுவிட்டது என்று அவரிடம் சொல்கிறாள். அவர் பேசியதைக் கேட்ட ஒருத்தி அவருக்குப் பதில் சொல்கிறாள். அந்தப் பதிலுக்காகத்தான் அந்த முழு அத்தியாயமும். அதற்கு முன் விளக்கைப் போட்டால் எதைப் பார்த்தோம் என்று கேட்கிறேன், பதில் சொல்லுங்கள்.

‘இரண்டு நிமிடத்துக்கா இவ்வளவு கோபம்’ என்கிறீர்கள். ஆம், அந்த இரண்டு நிமிடத்துக்குத்தான்.

‘அறிவியல் தப்பு’ என்றார் ஒருவர். இருக்கட்டும். ‘அமெரிக்கப் பெருமை’ என்றார் இன்னொருவர். அந்த அத்தியாயம் ஒளிபரப்பானது 1999 நவம்பர் 17. அதற்கு முந்தைய செப்டம்பர் 23 அன்றுதான் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை நெருங்கித் தொலைந்தது. ஒரு குழு பவுண்டு கணக்கில் கொடுத்த எண்ணை இன்னொரு குழு நியூட்டன் கணக்காக எடுத்துக்கொண்டது. அந்தத் தவறை ஒளிக்காமல் சொன்ன விசாரணை அறிக்கை நவம்பர் 10 அன்று வெளிவந்தது. டிசம்பர் 3 அன்று மார்ஸ் போலார் லேண்டரும் இறங்கும்போது மௌனமாகிவிட்டது. இரண்டு இழப்புகளுக்கு நடுவில், செவ்வாயில் தொலைந்த ஒருவனுக்கு மரியாதை செய்யும் கதை வந்திருக்கிறது. கொடி நட்டவனை அது கொண்டாடவில்லை, திரும்பி வராதவனைக் கொண்டாடியது. இதில் எங்கே இருக்கிறது பெருமை?

கெல்லியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மைக்கேல் காலின்ஸ் நினைவுதான். 1969 ஜூலையில் இரண்டு பேர் நிலவில் நடந்தபோது மேலே தனியாகச் சுற்றியவர். ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 48 நிமிடங்கள் நிலவின் மறுபக்கம். பூமியோடு ஒரு சொல் பேச முடியாது. அவர் பெயரைச் சொல்லிவிட்டு யார் என்று கேட்டால் எத்தனை பேருக்குத் தெரிகிறது? 2021-இல் அவர் இறந்தபோது நான் பதிவிட்டேன். பதினொரு பேர் பார்த்தார்கள்.

‘செத்தவனின் கலத்தை இழுக்கப்போய் உயிரோடு இருப்பவர்களை ஆபத்தில் தள்ளலாமா’ என்று கேட்டவருக்கு மட்டும் நேராகப் பதில் சொல்கிறேன். கேள்வி நியாயம். வாயேஜரின் துணைத் தலைவன் சக்கோட்டே அந்தக் கலத்தை இழுத்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தது தவறு. அவனுக்கே காயம் பட்டது. கதை அதை மறைக்கவில்லை. ஆனால் அந்தத் தவறு நடந்திராவிட்டால் கெல்லி இன்னும் அங்கேயே தனியாகப் பேசிக்கொண்டிருப்பார். இதற்கு மேல் வாதம் என்னிடம் இல்லை. எனக்கு அது போதும்.

என் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் கோபம் உங்களுக்குப் புரியாது. அவர் பள்ளி ஆசிரியர். கொல்லைப்புறத்தில் ஒரு மழைமானி வைத்திருந்தார். தினமும் காலை எட்டரைக்குப் போய்ப் பார்த்து நோட்டில் எழுதுவார். யாரும் எழுதச் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. மழை பெய்யாத நாளிலும் 0.0 என்று எழுதுவார். ‘பெய்யவில்லை என்பதும் ஒரு செய்திதான்’ என்பார். முப்பத்தொரு வருடம். அவர் போன பதினாறாம் நாள், வீட்டை ஒழிக்கிறோம் என்று அந்த நோட்டுகளைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிட்டார்கள். நான் ஊரில் இருந்து வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. பரணில் சிக்கிக்கொண்ட ஒன்றே ஒன்று மிஞ்சியது, அவருடைய கடைசி நோட்டு. எழுத்து வரவரக் கோணலாகிறது. கடைசி வரி: ‘0.0. குடுவையில் எறும்பு. துடைத்தேன்.’ ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலையில் எழுதியது.

யாரும் அதைப் படிக்கவில்லை. நானும் அவர் இருந்தவரை ஒரு பக்கம் கூடப் புரட்டவில்லை. அதனால்தான் செவன் பெட்டியின் மேல் கைவைப்பதை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடிவதில்லை. நான் சொல்லாமல் விட்ட பதிலை அவள் சொல்கிறாள். நீங்கள் பரோட்டாவுக்காக நிறுத்தியது அதை.

தெரியாமல் செய்தீர்கள், ஒப்புக்கொள்கிறேன். நானும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், தொண்டை அடைத்துக்கொண்டது. ஆனால் ‘உணர்ச்சி வழியும் சவக்காட்சி, வெட்டினால் நஷ்டமில்லை’ என்று மறுநாள் எழுதினீர்களே, அதை என்னால் விழுங்க முடியவில்லை. பார்க்காத காட்சியைப் பற்றி எப்படி எழுதினீர்கள்?

வருகிற சனிக்கிழமை ஏழு மணிக்குப் புரொஜெக்டரை நானே கொண்டுவருகிறேன். சாப்பாட்டை முதலிலேயே முடித்துவிடலாம். ஸ்விட்ச் பக்கத்தில் நான் உட்கார்ந்துகொள்கிறேன்.