துணைக்கு ஒருத்தி இருந்தால்

பிள்ளையின் திறமை அதன் சொந்த உழைப்பால் மட்டுமே அமைகிறது என்று கட்டுரை ஒன்றில் எழுதப்பட்டிருப்பதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. கோலாலம்பூர் செந்தூலில் நான் நடத்தும் பிரத்தியேக வகுப்பில், தமிழ்ப்பள்ளியில் (தமிழ்வழித் தொடக்கப்பள்ளி) கணிதத்தில் முன்னணியில் இருந்த மாணவி ஒருத்தி, இடைநிலைப்பள்ளியின் நான்காம் படிவத்தில் ‘கூடுதல் கணிதம்’ என்னும் விருப்பப் பாடத்தை எடுக்கத் தயங்கினாள்; “அந்த வகுப்பில் நம்மவர் யாருமே இல்லை, டீச்சர்” என்பதே அவள் சொன்ன காரணம். தேர்வுப் புள்ளிகளைப் பற்றி அவள் வாய் திறக்கவே இல்லை. பக்கத்து அடுக்குமாடித் தோழியும் அப்பாடத்தை எடுத்த பிறகு, மின்தூக்கிக்குக் காத்திருக்கும் நேரத்தில்கூட இருவரும் இருபடிச் சமன்பாட்டைப் பற்றி வாதிடுகிறார்கள்.

1951இல் அமெரிக்காவில் உளவியலாளர் சாலமன் ஆஷ் வெளியிட்ட சோதனையில், கோடுகளின் நீளம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தும், சுற்றியிருந்தவர்கள் ஒருமித்துத் தவறாகச் சொன்னதால், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தருணங்களில் மாணவர்கள் தாமும் தவறாகவே சொன்னார்கள்; குழுவில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னபோதோ அந்த இணக்கம் வெகுவாகக் குறைந்தது. (கல்லூரி மாணவர்களுக்கே இந்த நிலை என்றால், பதினாறு வயதுப் பெண்ணைக் குறை சொல்லி என்ன பயன்?) இடைநிலைப்பள்ளிகள் வகுப்புகளைப் பிரிக்கும்போது, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளைத் தனித்தனியாகச் சிதறவிடாமல், இருவரையாவது ஒரே வகுப்பில் அமர்த்தலாம்.