மாசிக்காயில் துளை இருந்தால் அது புழு அரித்த சரக்கா?

சென்னையில் குழந்தைக்கு உரை மருந்து உரசும் வீடுகளில், “துளை உள்ள மாசிக்காய் புழு அரித்த பழைய காய், கடைக்காரர் ஏமாற்றுகிறார்” என்றொரு வாட்ஸ்அப் தகவல் சுற்றி வருகிறது. இது தவறு. மாசிக்காய் காயே அல்ல. துருக்கி, ஈரான் பக்கம் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் மொட்டில் சிறு குளவி முட்டையிட, மரத்தின் திசுவே புழுவைச் சுற்றித் திரண்டு வளர்ந்த முடிச்சு அது. பாரிமுனை நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய ஒன்றை நான் இரண்டாக வெட்டியபோது, நடுவில் மிளகு அளவுக்கு ஒரு சிறு அறையும், அங்கிருந்து மேற்பரப்பு வரை நேராக ஒரு பாதையும் தெரிந்தன. வளர்ந்த குளவி வெளியேறிய வழி அது.

ஆயினும், முடிச்சைக் கட்டியதும் அதிலிருந்து வெளிவருவதும் எப்போதும் ஒரே பூச்சியாக இருப்பதில்லை. சினெர்கஸ் இனக் குளவிகளில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்தமாக முடிச்சு உண்டாக்கத் தெரியாது. பிறர் கட்டிய முடிச்சில் முட்டையிட, அவற்றின் புழுக்கள் அந்தத் திசுவையே தின்று வளர்கின்றன, சில வேளை வீட்டுக்காரப் புழுவுக்கு இடமில்லாமல் செய்து அதைச் சாகடிக்கவும் செய்கின்றன. வேறு சில ஒட்டுண்ணிக் குளவிகள் புழுவையே தின்கின்றன.

தகவலில் ஓர் இழை உண்மை உண்டு: குளவி வெளியேறுமுன் பறித்த, துளையற்ற கருநீலக் காய்களில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் அதிகம் என்பதால், வணிகத்தில் அவற்றுக்கே மதிப்பு கூடுதல்.