லைசென்ஸ் எண்ணைக் கேட்டால் ஏன் இத்தனை கோபம்?

ஏசி மாட்ட ஒழுங்கான ஆள் தேடுவதே பெரும்பாடாக இருக்கிறது. லைசென்ஸ் எண்ணைக் கேட்டாலே முகம் சுளிக்கிறார்கள். வெயில் விழும் சுவர், ஜன்னல் எதையும் பார்க்காமல் வாசலில் நின்றபடியே "ஒன்றரை டன் போதும்" என்கிறார்கள்.

அதைவிட எரிச்சல், குழாயில் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கிற வேக்குவம் பம்ப்பே இல்லாமல் வருவது. வால்வைக் கொஞ்சம் திறந்து, கேஸை விட்டே காற்றைத் தள்ளிவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். குழாயில் தங்கிய ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி கம்ப்ரஸரை அரித்துவிடுமே! குழாயின் உள் அழுத்தத்தை 500 மைக்ரானுக்கு (வெற்றிடத்தை அளக்கும் அலகு) கீழே இறக்கி, பம்ப்பை நிறுத்திய பிறகும் அளவு ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

கேஸ் ஒன்றும் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது; பெரும்பாலும் குழாயை இணைக்கும் ஃபிளேர் நட்டில்தான். அங்கே சோப்பு நுரை தடவிக்கூடப் பார்க்காமல் வருடாவருடம் நிரப்பிக் காசு வாங்குவது அநியாயம்.