ரோபோ அணியில் லேப்டாப் யார் கையில்?

பள்ளி ரோபாட்டிக்ஸ் போட்டிக்குப் பெண் பிள்ளைகளை மட்டும் வைத்துத் தனி அணி அமைக்கலாமா? இன்றைய நிலையில் கண்டிப்பாக அமைக்கலாம் என்பேன். "எதற்குப் பிரிக்கிறீர்கள், சேர்ந்து பழகட்டுமே" என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கலப்பு அணிக்குள் வேலை எப்படிப் பிரிகிறது என்று எத்தனை பேர் உட்கார்ந்து கவனித்திருக்கிறோம்?

பள்ளிப் பிள்ளைகள் லெகோ ரோபோ கட்டிப் போட்டியிடும் ஃபர்ஸ்ட் லெகோ லீகை எடுத்துக்கொள்வோம். ஓர் அணியில் 10 பேர் வரை இருக்கலாம். மேசையில் ரோபோ ஓடுவது இரண்டரை நிமிடம்தான். அதுபோக, ஒரு நிஜப் பிரச்சினையை ஆராய்ந்து தீர்வு சொல்ல வேண்டும், ரோபோவை ஏன் இப்படிக் கட்டினோம் என்று நடுவர்களுக்கு விளக்க வேண்டும். வேலை நிறைய. யாரும் பிரித்துக் கொடுக்காவிட்டால் லேப்டாப்பும் மோட்டாரும் பையன்களிடம் போய்விடும். "உன் கையெழுத்து நல்லா இருக்கு" என்று நோட்டும் சார்ட்டும் பெண்ணிடம் வந்துவிடும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. அதனாலேயே அது கண்ணில் படுவதும் இல்லை.

நான் வழிகாட்டியாக இருந்த ஒரு கலப்பு அணியில், ரோபோ தான் பின்தொடர வேண்டிய கறுப்புக் கோட்டை விட்டு விலகிக்கொண்டே இருந்தது. கோட்டின் நிறத்தைப் பார்க்கும் கலர் சென்சார் தரையிலிருந்து ரொம்ப உயரத்தில் இருக்கிறது என்று எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி சரியாகக் கண்டுபிடித்தாள். கழற்றக் கை நீட்டினாள். "நீ விடு, நான் பண்றேன்" என்று பக்கத்திலிருந்த பையன் ரோபோவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அவள் நோட்டில் எழுதப் போய்விட்டாள். போட்டியன்று நடுவர்கள் முன்னால் அருமையாகப் பேசியதும் அவள்தான். "இந்த இடத்தில் ஏன் சின்ன மோட்டார் வைத்தீர்கள்?" என்று கேட்டபோது மட்டும் அந்தப் பையன் முகத்தைப் பார்த்தாள். பிழையைக் கண்டுபிடித்த பிள்ளைக்குக் கைப்பழக்கம் கிடைக்காமல் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை.

பெண்கள் மட்டும் இருக்கும் அணியில் அப்படி இழுத்துக்கொள்ளப் பையன் கிடையாது. கியர் நழுவினாலும் புரோகிராம் படுத்தினாலும் அவர்களேதான் பார்த்தாக வேண்டும். ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரப் பெண்கள் ரோபோ அணி நினைவிருக்கும். 2017-இல் வாஷிங்டனில் நடந்த ஃபர்ஸ்ட் குளோபல் என்ற சர்வதேச ரோபோ போட்டிக்கு அவர்களுக்கு இரண்டு முறை விசா மறுக்கப்பட்டு, கடைசி நேரத்தில்தான் அனுமதி கிடைத்தது. கொரோனா வந்த 2020-இல், டொயோட்டா கொரோலா கார் உதிரிபாகங்களை வைத்து விலை குறைந்த வென்டிலேட்டர் செய்ய இறங்கியவர்களும் அந்த அணியின் பெண்கள்தான். சார்ட் ஒட்டி மட்டும் பழகிய கைகளுக்கு அந்தத் துணிச்சல் வருமா?

"நாளைக்கு ஆண்களோடுதானே வேலை பார்க்கணும்?" ஆமாம், பார்க்கட்டும். கை பழகிவிட்டால் "விடு, நான் பண்றேன்" என்பவரிடம் "வேண்டாம், நானே பண்றேன்" என்று சொல்ல வரும். ஜெயித்தால் "பெண்கள் டீம்னு பரிசு கொடுத்துட்டாங்க" என்பவர்களும் உண்டு. ரோபோ ஓட்டத்தில் எல்லோருக்கும் ஒரே விதி, ஒரே புள்ளிக் கணக்கு. ரோபோவை ஓட்டுவது ஆணா பெண்ணா என்று அந்த மேசைக்குத் தெரியாது.

பெண்கள் அணி என்றாலே எல்லாம் சரியாகிவிடாது என்பதும் உண்மை. கெட்டிக்காரப் பெண் ஒருத்தி லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களை அண்ட விடாததையும் பார்த்திருக்கிறேன். ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டால் எந்த அணியிலும் இதுதான் நடக்கும்.

அதனால் கலப்பு அணி அமைக்கும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த வாரம் லேப்டாப் யாரிடம், கட்டுவது யார், நோட்டு எழுதுவது யார் என்று ஒரு பட்டியல் போட்டு லேப் சுவரில் ஒட்டுங்கள். வாரம் மாறினால் ஆளும் மாறட்டும். பையன்களும் நோட்டு எழுதட்டும், மேடையேறிப் பேசட்டும். அது அவர்களுக்கும் தேவை. அப்படிச் செய்யும் பள்ளியில் என் மகளைக் கலப்பு அணியில் சேர்க்க ஒரு நிமிடமும் யோசிக்க மாட்டேன். மற்ற இடங்களில் பெண்கள் அணிக்குத்தான் என் ஓட்டு.