நகரத் திட்டங்களுக்கான விருதுகள் தாமதமாகவே வரட்டும்

நகரத் திட்டமிடலுக்கான சர்வதேச விருது ஒன்று அறிவிக்கப்படும் ஒவ்வொரு முறையும் துறை சார்ந்த நண்பர்கள் பலர் அந்தச் செய்தியை மகிழ்ச்சியோடு பகிர்கிறார்கள். அந்த மகிழ்ச்சியில் எனக்கும் பங்குண்டு. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன்பு அப்படியொரு விருதுக்கான விண்ணப்பத்தைத் தயாரித்த குழுவில் நானும் ஒருவனாக இருந்தேன். அதன் பிறகு இத்தகைய அறிவிப்புகளை நான் வாசிக்கும் விதமே மாறிவிட்டது. புகைப்படங்களைத் தேர்ந்தெடுக்க மட்டும் மூன்று வாரங்கள் செலவிட்டோம். மாலை வெயில் எந்தக் கோணத்தில் விழுந்தால் நடைபாதை எடுப்பாகத் தெரியும் என்று நெடுநேரம் விவாதித்தோம். கட்டி முடித்தவற்றைப் பராமரிக்கப் போவது யார், அதற்கான பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குப் படிவத்தில் இரண்டே வரிகளுக்குத்தான் இடம் விட்டிருந்தார்கள். கடைசி நாள் இரவு எங்களில் ஒருவர் அந்த இரண்டு வரிகளையும் நிரப்பினார்.

விருதுகளே கூடாது என்று வாதிடுவது என் நோக்கமன்று. அவை மிக விரைவில் வந்துவிடுகின்றன என்பதே என் மனக்குறை. ஒரு கட்டடம் நன்றாக இருக்கிறதா என்பதை ஓரிரு ஆண்டுகளில் ஓரளவு சொல்லிவிடலாம். ஒரு நகரப் பகுதி நன்றாகத் திட்டமிடப்பட்டதா என்பதை, அங்கே பிறந்த குழந்தை வேலைக்குப் போகும் வயதை எட்டும்போதுதான் சொல்ல முடியும். இந்தக் கால இடைவெளியை நடுவர் குழுக்கள் போதிய அளவு கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இத்துறையின் மூத்த விருதுகளில் ஒன்றிலிருந்தே தொடங்கலாம். சர்வதேசக் கட்டடக் கலைஞர்கள் ஒன்றியம் 1961 முதல் நகரத் திட்டமிடலுக்காக வழங்கிவரும் பரிசு சர் பேட்ரிக் அபர்குரோம்பியின் பெயரைத் தாங்கியது. அவர் 1944ஆம் ஆண்டின் பெருலண்டன் திட்டத்தை வகுத்தவர். அந்த ஒன்றியத்தின் முதல் தலைவரும் அவரே. 1969ஆம் ஆண்டு இப்பரிசு லண்டனின் தென்கிழக்கே, தேம்ஸ் நதிக்கரைச் சதுப்பு நிலத்தில் உருவாகிக்கொண்டிருந்த தேம்ஸ்மீட் என்ற புதுக் குடியிருப்பு நகருக்குக் கிடைத்தது. அங்கே முதல் குடும்பம் குடியேறியது 1968இல். அதாவது அந்த நகரத்தில் மனிதர்கள் வாழத் தொடங்கி ஏறத்தாழ ஓராண்டு ஆன நிலையில், அது சிறந்த திட்டமிடலுக்கு எடுத்துக்காட்டு என்ற தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

அந்தத் திட்டத்தில் மேதைமை இல்லாமல் இல்லை. 1953ஆம் ஆண்டு வடகடல் வெள்ளத்தின் நினைவு அப்போது இன்னும் ஆறாதிருந்ததால், தொடக்கக் கட்டத்தில் தரைத்தளத்தை வாகனங்களுக்கு விட்டுவிட்டு, மக்கள் நடமாடும் பாதைகளை முதல் தளத்தின் உயரத்தில் அமைத்தார்கள். மழைநீரைத் தாங்க ஏரிகளை வெட்டி, அவற்றையே பொழுதுபோக்கு இடங்களாகவும் ஆக்கினார்கள். வரைபடத்தில் பார்த்தால் இன்றும் மனம் கவரும் திட்டம் அது. ஆனால் 60,000 பேருக்கென வகுக்கப்பட்ட நகரத்துக்கு வர வேண்டிய சுரங்க ரயில் வரவேயில்லை. முன்வார்ப்புக் கான்கிரீட் பலகைகளின் இணைப்புகளில் மழைநீர் கசிந்தது. சுவர்களில் ஈரம் ஏறியது. உயரே கட்டப்பட்ட நடைபாதைகள், ஆள் நடமாட்டம் குறைந்த நேரங்களில் மக்கள் அஞ்சும் இடங்களாயின. பல பகுதிகள் பின்னாளில் இடிக்கப்பட்டன. அதன் தெற்கு ஓரத்திலுள்ள அபி வுட் நிலையத்தை எலிசபெத் ரயில் தடம் தொட்டது 2022இல். பரிசு வந்து அதற்குள் 53 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ரயில் வராதது திட்டமிட்டவர்களின் குற்றமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் திட்டமிடல் என்ற தொழிலின் சாரமே, வீட்டையும் ரயிலையும் வேலையையும் கடையையும் ஒரே காலவரிசையில் கொண்டுவந்து சேர்ப்பதில் இருக்கிறது. அது நடந்ததா என்று தெரியுமுன் கொடுக்கப்படும் பரிசு, வரைபடத்துக்குக் கொடுக்கப்படும் பரிசே ஆகும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலிருந்த ப்ரூயிட் ஐகோ குடியிருப்பு, 11 மாடிகள் கொண்ட 33 கட்டடங்களின் தொகுதி. 1972இல் அதை வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கினார்கள். அது விருது பெற்ற குடியிருப்பு என்று பாடநூல்களிலும் மேடைகளிலும் இன்றுவரை சொல்லப்படுகிறது. உண்மையில் அது அப்படி எந்த விருதையும் பெறவில்லை. அதே கட்டடக் கலைஞர்கள் அதே ஊரில் வடிவமைத்த வேறொரு குடியிருப்பு பெற்ற பாராட்டை யாரோ இதன் தலையில் ஏற்றிவிட்டார்கள். விருது பெற்றது வீழ்ந்தது என்ற கதை நம் காதுக்கு அவ்வளவு இனிக்கிறது. மாணவர்களிடம் நானே ஒருமுறை இக்கதையைச் சொல்லியிருக்கிறேன் என்பதைக் கூச்சத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

நடுவர்கள் நேரில் சென்று பார்த்தால் போதாதா என்ற கேள்வி அடுத்து எழும். ஆகா கான் கட்டடக்கலை விருது அதைத்தான் செய்கிறது. இறுதிச் சுற்றுக்கு வரும் ஒவ்வொரு திட்டத்தின் இடத்துக்கும் துறை அறிந்த ஒருவரை அனுப்பி, பயனாளிகளிடம் பேசி, அறிக்கை வாங்குகிறார்கள். பரிசுத் தொகையையும் வடிவமைத்தவருக்கு மட்டும் கொடுக்காமல், பணியைச் சாத்தியமாக்கிய பல தரப்பினருக்கும் பகிர்ந்தளிக்கிறார்கள். 1980இல் நடந்த முதல் விருதளிப்பிலேயே, ஜகார்த்தாவின் கம்பொங் மேம்பாட்டுத் திட்டத்தை, அதாவது குடிசைகளை அகற்றாமல் அவற்றுக்கிடையே பாதையும் வடிகாலும் குடிநீரும் கொண்டுவந்த முயற்சியை, அடையாளம் கண்ட விருது அது. நான் பெரிதும் மதிக்கும் விருதும் அதுவே.

ஆயினும் 1998இல் அதே விருது இந்தூர் நகரின் குடிசைப்பகுதி வலையமைப்புத் திட்டத்துக்குக் கிடைத்ததை எண்ணிப் பாருங்கள். நகரின் இயற்கையான நீரோட்டப் பாதைகளை ஒட்டியே குடிசைகள் பெருகியிருக்கின்றன. ஆகவே அவற்றின் வழியாகக் கழிவுநீர்க் குழாய்களைக் கொண்டுசென்றால் குடிசைப்பகுதியும் மேம்படும், நகரம் முழுவதற்குமான வடிகாலும் அமைந்துவிடும் என்ற சிந்தனை உண்மையிலேயே அபாரமானது. குடிசைப்பகுதியை நகரத்தின் சுமையாகப் பார்க்காமல், நகரத்தைச் சீர்செய்யும் வழியாகப் பார்த்த திட்டம் அது. ஆனால் பின்னர் வந்த விமர்சனங்கள் வேறொரு சித்திரத்தைக் காட்டின. பல வீடுகள் குழாயோடு இணைக்கப்படவேயில்லை; ஓடும் நீர் போதாமல் குழாய்கள் அடைத்துக்கொண்டன; அவற்றைத் தூர்வாரிப் பராமரிக்க உறுதியான ஏற்பாடு இருக்கவில்லை. நேரில் சென்று பார்த்தவர் எவ்வளவு கூர்மையானவராக இருந்தாலும், இனிமேல்தான் அடைக்கப்போகும் குழாயை அவரால் பார்த்திருக்க முடியாது.

மெடெயின் நகரின் கதை இதைவிடச் சிக்கலானது. 1990களின் தொடக்கத்தில் கொலைகளுக்குப் பெயர்பெற்றிருந்த இந்தக் கொலம்பிய நகரம், 2004இல் மலைச்சரிவு ஏழைக் குடியிருப்புகளை மெட்ரோ ரயிலோடு இணைக்கும் கேபிள் கார் தடத்தைத் திறந்தது. அந்தத் தடத்தை ஒட்டிப் பூங்கா, பள்ளி, நூலகம் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டியது. 2016இல் சிங்கப்பூர் வழங்கும் லீ குவான் யூ உலக நகரப் பரிசைப் பெற்றது. 2007இல் திறக்கப்பட்ட எஸ்பான்யா நூலகம், மலை உச்சியில் மூன்று கரும்பாறைகள் போல நின்று, இந்த மாற்றத்தின் முகமாக உலகெங்கும் அச்சிடப்பட்டது. கட்டுமானக் குறைபாடுகளால் 2015இல் அது மூடப்பட்டுப் பல ஆண்டுகள் அப்படியே கிடந்தது. ஆக, நகரம் பரிசு வாங்கியபோது அதன் மிகப் புகழ்பெற்ற படத்திலிருந்த நூலகம் பூட்டிக் கிடந்தது. இதைச் சொல்லி மெடெயினை இகழ நான் விரும்பவில்லை. கேபிள் கார் இன்றும் மக்களைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறது. அன்றாடம் ஓட்டுவதற்கும் பழுது நீக்குவதற்கும் அதன் பின்னால் ஒரு மெட்ரோ நிறுவனம் இருக்கிறது. அங்கே எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்பதில் திட்டமிடல் கற்பவர்களுக்கு நிறையப் பாடம் இருக்கிறது; ஆனால் வெற்றிக் கதையை மட்டும் சொல்லும் விருதுரைகளில் அந்தப் பாடத்துக்கு இடமிருப்பதில்லை.

அதே பரிசை 2020இல் பெற்ற வியன்னா, தாமதமாக வரும் அங்கீகாரம் எவ்வளவு பொருத்தமாக அமையும் என்பதற்குச் சான்று. ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள கார்ல் மார்க்ஸ் ஹாஃப் குடியிருப்பு 1930இல் திறக்கப்பட்டது. இன்றும் அது நகராட்சியின் வாடகைக் குடியிருப்புதான். ஏறத்தாழ 2,20,000 வீடுகளை அந்த நகராட்சி தன் கையில் வைத்திருக்கிறது. பிற ஐரோப்பிய நகரங்கள் தங்கள் பொதுக் குடியிருப்புகளை விற்றுக் கடனை அடைத்த காலத்தில் வியன்னா விற்கவில்லை. அந்நகரின் மிகப்பெரிய சாதனை என்று நான் கருதுவது, அது செய்யாமல் விட்ட இந்தக் காரியத்தைத்தான். விற்காமல் விட்ட வீடு, போடாமல் விட்ட விரைவுச்சாலை, கட்ட விடாமல் காத்த வயல் ஆகியவற்றுக்குத் திறப்பு விழாவும் கிடையாது, படமும் கிடையாது. ஆகவே எந்த விண்ணப்பப் படிவத்திலும் அவற்றுக்கெனத் தனிப் பிரிவும் நான் கண்டதில்லை.

வட்டாரத் திட்டமிடலின் நிலை இன்னும் பரிதாபம். ஜெர்மனியின் ரூர் பகுதியில் எம்ஷர் என்ற ஆறு, நூறாண்டுக் காலம் சுரங்க நகரங்களின் திறந்த சாக்கடையாகவே ஓடியது. நிலக்கரி தோண்டியதால் நிலம் தாழ்ந்துகொண்டே இருந்ததால், நிலத்தடியில் குழாய் பதிக்கவும் வழியில்லாமல் இருந்தது. சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, 1989 முதல் 1999 வரை நடந்த எம்ஷர் பூங்காக் கட்டடக் கண்காட்சி என்ற பத்தாண்டு மறுசீரமைப்புத் திட்டம், பல நகராட்சிகளை ஒரே மேசையில் அமர்த்தியது. ஆற்றை மீட்கும் பணி 1992இல் தொடங்கி, அதில் கழிவுநீர் கலப்பது முற்றிலும் நின்றது 2021இன் இறுதியில்தான். 500 கோடி யூரோவுக்கும் மேல் செலவான இந்த வேலையைத் தொடங்கிவைத்தவர்களில் பலர் முடிவைக் காணும் முன்பே ஓய்வு பெற்றுவிட்டார்கள். இதற்கான கோப்பையை யார் கையில் கொடுப்பது? பகுதியின் பெருநகரங்களில் ஒன்றான எஸ்ஸென், 2017ஆம் ஆண்டுக்கான ஐரோப்பியப் பசுமைத் தலைநகராகத் தேர்வானது, மகிழ்ச்சிதான். ஆனால் அந்த ஆறு ஒரே நகருக்குச் சொந்தமானதன்று.

அங்கீகாரத்தால் நன்மையே இல்லையா என்றால், நிச்சயம் உண்டு. ஆட்சி மாறும்போது முந்தையவரின் திட்டத்தைக் கிடப்பில் போடுவது எல்லா நாடுகளிலும் நடக்கிறது. வெளியுலகப் பாராட்டு அப்போது ஒரு கவசமாக நிற்கும். திட்டமிட்டுக் கட்டப்பட்ட பிரேசில் தலைநகரான பிரசீலியாவுக்கு, 1987இல் கிடைத்த யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தகுதி தேடப்பட்டதற்கு, மூலத் திட்டத்தை நில வணிகத்திடமிருந்து காப்பதும் ஒரு காரணம். யுனெஸ்கோவின் அந்தப் பட்டியலிடம் மற்றொரு குணமும் உண்டு: கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் துணிவு. பள்ளத்தாக்கின் குறுக்கே பாலம் கட்டியதற்காக டிரெஸ்டென் நகரின் எல்பே பள்ளத்தாக்கை 2009இலும், துறைமுகக் கரையில் எழுந்த புதுக் கட்டுமானங்களுக்காக லிவர்பூலை 2021இலும் அது நீக்கியது. அந்த முடிவுகள் சரியா என்பது வேறு விவாதம். கொடுத்தவர் திரும்பவும் வந்து பார்ப்பார் என்ற எண்ணமே ஒரு நகராட்சியை விழிப்பாக வைத்திருக்கும் என்பதுதான் நான் கவனிப்பது.

திட்டமிடல் விருதுகளுக்கும் அப்படியொரு ஏற்பாடு வேண்டும் என்று நினைக்கிறேன். அமெரிக்கக் கட்டடக் கலைஞர்கள் கழகம், கட்டி 25 ஆண்டுகள் கடந்தும் மதிப்புக் குன்றாத கட்டடங்களுக்கென்றே 1969 முதல் ஒரு விருதை வழங்கிவருகிறது. விந்தை என்னவென்றால், தேம்ஸ்மீட் பரிசு பெற்றதும் அதே 1969இல்தான். சர்வதேசத் திட்டமிடல் பரிசுகள் இதை முன்மாதிரியாகக் கொள்ளலாம். உடனடிப் பரிசு வேண்டுமென்றால், அதைப் பாதியாகக் கொடுத்துவிட்டு, மறுபாதியை 15 ஆண்டுகளுக்குப் பிறகு அதே இடத்துக்கு ஆள் அனுப்பிப் பார்த்த பின் கொடுக்கட்டும். அப்போது மேடையேற வேண்டியவர்கள் பெரும்பாலும் வடிவமைத்தவர்களாக இருக்க மாட்டார்கள். குழாயைத் தூர்வாருபவர்கள், மரத்துக்கு நீரூற்றுபவர்கள், ஒவ்வோர் ஆண்டும் பராமரிப்பு நிதியை வெட்டவிடாமல் போராடும் கணக்குப் பிரிவு அலுவலர்கள் ஆகியோராக இருப்பார்கள்.

எங்கள் விண்ணப்பத்துக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது. அதன் நகலை அண்மையில் எடுத்துப் பார்த்தேன். அந்த இரண்டு வரிகளில், பராமரிப்பை உரிய துறை மேற்கொள்ளும் என்று எழுதியிருந்தோம். எந்தத் துறை என்று நடுவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்களில் ஒருவருக்கும் பதில் தெரிந்திருக்காது.