பீர் கசக்கிறது என்று ஒதுங்கிய பெண்களுக்கு: எந்த பீர்?

"பீர் கசக்கும், நமக்கு வேண்டாம்" என்று சொல்லும் பெண்களிடம் எதைக் குடித்துப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். அநேகமாக ஒரே பதில்தான் வரும். யாரோ வாங்கி வந்த ஸ்ட்ராங் பீர், பல் கூசுகிற ஜில்லில், பாட்டிலோடு இரண்டு மடக்கு. அவர்களுக்குக் காட்டப்பட்ட பீர் அவ்வளவுதான். ஆறிப்போன காபி ஒரு வாய் குடித்தவரைக் காபியே பிடிக்காதவர் என்று யாரும் முடிவு கட்டுவதில்லை. பீர் விஷயத்தில் மட்டும் கட்டிவிடுகிறோம்.

இந்தியாவில் அதிகம் விற்கும் ஸ்ட்ராங் பீரில் ஆல்கஹால் 7, 8 சதவீதம் வரை இருக்கும். பார்லி மால்ட்டோடு (முளைகட்டி உலர்த்திய பார்லி) அரிசி, மக்காச்சோளம், சர்க்கரை சேர்த்து வீரியத்தை ஏற்றுவது வழக்கம். மால்ட்டின் ருசி மெலிந்து, தொண்டையில் எரிச்சல் நிற்கும். ஐஸ் மாதிரி குளிர வைத்துக் கொடுப்பது அதை மறைக்கத்தான். முதல் அனுபவமே இதுவாக இருந்தால் ஆணோ பெண்ணோ யாராக இருந்தாலும் முகம் சுளிக்கத்தான் செய்வார்கள். ஆண்களுக்கு "பழகிடும்டா" என்று கூடவே நாலு பேர் இருப்பார்கள். பெண்களுக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு கிடைப்பதில்லை.

கசப்பு என்ற காரணமே நம்மிடம் செல்லாது. பாகற்காய்ப் பொரியல், சுண்டைக்காய் வற்றல், டிகாக்‌ஷன் தூக்கலாக ஒரு காபி என்று வளர்ந்த நாக்கு நமக்கு. கசப்போடு சேர்ந்து வேறு என்ன வருகிறது என்பதுதான் விஷயம். பீரின் கசப்பை ஐபியு என்ற அலகில் அளக்கிறார்கள். கோதுமை பீரில் 8 முதல் 15, பில்ஸ்னர் என்ற பொன்னிற லாகரில் 25 முதல் 40, கசப்புக்கே பேர்போன ஐபிஏவில் 40 முதல் 70 வரை போகும். ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். 30 ஐபியு உள்ள மில்க் ஸ்டவுட் என்ற கறுப்பு பீர், அதே 30 உள்ள லாகரைவிட மிருதுவாக இருக்கும். பால் சர்க்கரையின் இனிப்பும் வறுத்த பார்லியின் மணமும் கசப்பைத் தாங்கிப் பிடித்துக்கொள்கின்றன.

அதனால் தொடங்க வேண்டிய இடம் ஹெஃபவைஸன். ஜெர்மனியின் பவேரியாக் கோதுமை பீர் இது, மால்ட்டில் பாதிக்கு மேல் கோதுமை. கிளாஸில் ஊற்றியதும் பழுத்த வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் எழும். பழமும் இல்லை, கிராம்பும் இல்லை, இரண்டையும் உண்டாக்குவது ஈஸ்ட். அடுத்து பெல்ஜியத்தின் விட்பியர். இதில் ஆரஞ்சுத் தோலும் தனியாவும் உண்மையாகவே சேர்க்கிறார்கள். ஹூகார்டன் என்ற ஊரில் அழிந்தே போயிருந்த இந்த வகையை 1960களில் மீட்டெடுத்தவர் பியர் செலிஸ் என்ற பால்காரர். மூன்றாவது கோஸே. உப்பும் தனியாவும் போட்டு, தயிரைப் புளிக்க வைக்கிற அதே குடும்பத்து பாக்டீரியாவால் புளிக்க வைத்தது. நீர்மோர் குடித்து வளர்ந்தவர்களுக்கு முதல் வாயிலேயே பிடிபட்டுவிடும். நான்காவது மில்க் ஸ்டவுட், ஃபில்டர் காபிக்காரர்களுக்கு. கறுப்பாக இருப்பதால் கனமானது, போதை அதிகம் என்ற பயம் வேண்டாம். நிறத்துக்கும் ஆல்கஹாலுக்கும் சம்பந்தமில்லை, 5 சதவீதத்துக்கும் குறைவான ஸ்டவுட்கள் நிறைய உண்டு. கசப்பு கூடிய பில்ஸ்னர், பேல் ஏல், ஐபிஏ எல்லாம் இதற்கப்புறம்.

குடிக்கும் விதத்தில் நடக்கிற தவறுகள்தான் பாதிப் பேரை விரட்டுகின்றன. முதல் தவறு பாட்டிலோடு குடிப்பது. கரைந்திருக்கும் வாயு வெளியேற வழியில்லாமல் நேரே வயிற்றுக்குப் போகும். "பீர் குடித்தால் வயிறு உப்புகிறது" என்ற புகாரில் பெரும்பங்கு இதுதான். கிளாஸை 45 டிகிரி சாய்த்துப் பாதி வரை ஊற்றி, பிறகு நிமிர்த்தி நடுவில் ஊற்றுங்கள். இரண்டு விரல் உயரம் நுரை நிற்கட்டும். நுரையாக எழும் வாயு உங்கள் வயிற்றுக்குப் போகாத வாயு, வாசனையைத் தூக்கிக் கொடுப்பதும் அந்த நுரைதான். நுரை உடனே செத்துப் போனால் கிளாஸில் எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ ஒட்டியிருக்கிறது. கிளாஸின் உட்பக்கச் சுவரில் குமிழ்கள் ஒட்டி நின்றாலும் அதே காரணம். லிப்ஸ்டிக்கும் நுரையைக் கொல்லும், முதல் வாய்க்கு முன்னால் ஒரு டிஷ்யூவில் ஒற்றி எடுத்தால் போதும். கோதுமை பீராக இருந்தால் கடைசி ஒரு பங்கைப் பாட்டிலிலேயே விட்டு, மெல்லச் சுழற்றி, அடியில் தங்கிய ஈஸ்ட்டையும் சேர்த்து ஊற்ற வேண்டும்.

குளிர் இரண்டாவது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே 3, 4 டிகிரியில் குடித்தால் வாசனை ஒன்றும் வராது, கூர்மையும் கசப்பும் மட்டும் மிஞ்சும். கோதுமை பீருக்கு 6 முதல் 8 டிகிரி, ஸ்டவுட்டுக்கு 10 முதல் 13. நம் ஊர்ச் சூட்டில் கோதுமை பீரை ஐந்து நிமிடமும் ஸ்டவுட்டைக் கால் மணி நேரமும் முன்னதாக வெளியே எடுத்து வைத்தாலே சரியாக வந்துவிடும்.

பீர் கெட்டுப் போயிருக்கலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும், முதல் தடவை குடிப்பவர் அதைத்தான் பீரின் ருசி என்று நினைத்துக்கொள்வார். பச்சை பாட்டிலிலோ வெள்ளை பாட்டிலிலோ வெளிச்சம் பட்டால், பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் என்ற பூவில் உள்ள பொருள் சிதைந்து, பூண்டு அழுகினாற்போல ஒரு வாடை வரும். பழுப்பு பாட்டில் ஓரளவு தடுக்கும், கேன் முழுக்கத் தடுக்கும். வெக்கையில் மாதக்கணக்கில் கிடந்த பீரில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை. தயாரித்த தேதியைப் பார்த்து, மூன்று மாதத்துக்குள் உள்ளதை எடுங்கள்.

இப்போது வியாபாரிகளிடம் ஒரு கோபம். 2011-இல் மோல்சன் கூர்ஸ் நிறுவனம் பிரிட்டனில் "பெண்களுக்காக" அனிமே என்ற பீரைக் கொண்டு வந்தது. ரோஸ் நிறத்தில் ஒன்று, எலுமிச்சையில் ஒன்று, நிறமே இல்லாமல் ஒன்று. அடுத்த ஆண்டே நிறுத்திவிட்டார்கள். பெண்களுக்கு பீர் பிடிக்காது என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டு, பீர் மாதிரி இல்லாத ஒன்றை விற்கப் பார்த்தால் யார் வாங்குவார்கள்? அதே பிரிட்டனில் டியா லேட்டிஸ் என்ற பெண்கள் குழு 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. வாரம் ஒரு தடவையாவது பீர் குடிப்பவர்கள் ஆண்களில் 53 சதவீதம், பெண்களில் 17 சதவீதம். ஆண்களைக் குறிவைத்தே எடுக்கப்பட்ட விளம்பரங்கள் தங்களைத் தள்ளி நிறுத்துவதாகப் பல பெண்கள் அதில் சொன்னார்கள். பெங்களூருவின் கிரண் மஜும்தார் ஷா 1970களின் நடுவில் ஆஸ்திரேலியாவில் மாஸ்டர் ப்ரூவர், அதாவது பீர் காய்ச்சும் தலைமை நிபுணருக்கான படிப்பை முடித்து வந்தவர். இது ஆம்பளைங்க வேலை என்று சொல்லி இங்கே அவருக்கு மாஸ்டர் ப்ரூவர் வேலை கொடுக்கவில்லை. 1978-இல் அவர் பயோகான் என்ற உயிரித் தொழில்நுட்ப நிறுவனத்தைத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். பீர் காய்ச்சுகிற இடத்தில் பெண்களுக்கு மூடியிருந்த அதே கதவு, பரிமாறுகிற இடத்திலும் இருக்கிறது. ஒரு ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆர்டர் கொடுத்தால் பீர் ஆண் முன்னாலும் ஆல்கஹால் இல்லாத மாக்டெயில் பெண் முன்னாலும் தானாகப் போய் உட்காருகிறது.

பப் நடத்துபவர்களுக்கு என் வேண்டுகோள் எளிது. மெனுவில் வகைப் பெயரோடு "வாழைப்பழம், கிராம்பு, கசப்பு குறைவு" என்று ஒரு வரி எழுதுங்கள். சின்ன கிளாஸ் வையுங்கள். பிரிட்டனில் 189 மில்லி வரும் மூன்றில் ஒரு பைன்ட் அளவு சட்டப்படியே உண்டு. பெங்களூருவில் சாம்ப்ளர் என்று கேட்டால் பல இடங்களில் நாலைந்து வகையைச் சின்னச் சின்னதாக ஊற்றித் தருவார்கள். பிடிக்காததற்கு அரை லிட்டர் காசு கொடுக்க யாருக்கும் மனசு வராது.

குடிக்காதவர்களைக் குடிக்க வைக்க இதை எழுதவில்லை. எப்போதாவது ஒரு கிளாஸ் ஒயினோ ஜின்னோ எடுக்கிறவர்கள் பீரையும் தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காகத்தான். கணக்கு முக்கியம். 650 மில்லி, 8 சதவீத பாட்டில் ஒன்றில் சுத்த ஆல்கஹால் 52 மில்லி, பிரிட்டன் கணக்கில் 5.2 யூனிட். வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்பது அவர்கள் வழிகாட்டுதல். பெண்களின் உடலில் நீர்ச்சத்து விகிதம் குறைவு என்பதால் அதே அளவுக்கு ரத்தத்தில் ஆல்கஹால் கூடுதலாக ஏறும். குறைவாகக் குடித்தாலும் மார்பகப் புற்றுநோய் அபாயம் கொஞ்சம் கூடவே செய்கிறது. கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் அதற்கு முயல்பவர்களுக்கும் துளிகூட வேண்டாம். ஆல்கஹால் இல்லாத பீரில் நல்ல கோதுமை வகைகள் வந்துவிட்டன, லேபிளில் 0.0 என்று இருக்கிறதா, 0.5 என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே ருசி பார்க்க நினைத்தால் எட்டுப் பேர், நாலு வகை, வகைக்கு 330 மில்லியில் இரண்டு. ஒருவருக்கு ஒரு வகையில் 80 மில்லி சொச்சம், மொத்தமே ஒரு சின்ன பாட்டில் அளவுதான் வரும், 5 சதவீத பீர் என்றால் 1.65 யூனிட். சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள். வரிசை விட்பியர், ஹெஃபவைஸன், கோஸே, கடைசியில் ஸ்டவுட். மாற்றி வைத்தால் ஸ்டவுட்டின் வறுத்த ருசி நாக்கில் தங்கி விட்பியர் தண்ணீர் மாதிரி தெரியும். நடுநடுவே தண்ணீரும் பொரியும் மட்டும், கார முறுக்கு வேண்டாம். முதலில் முகருங்கள், ஒரு வாய் எடுத்து விழுங்கிவிட்டு மூக்கு வழியாக மூச்சை விடுங்கள், பாதி ருசி அப்போதுதான் வரும். தோன்றுவதைத் தமிழிலேயே எழுதுங்கள்: தனியா, மோர், வறுத்த உளுந்து, கருப்பட்டி, எது வந்தாலும் சரி. பிறகு சாப்பாட்டோடு. மீன் வறுவலுக்கு பில்ஸ்னர், பிரியாணிக்கு ஹெஃபவைஸன், அதிரசத்துக்கு ஸ்டவுட். காரசாரமான சிக்கனோடு ஐபிஏ மட்டும் வேண்டாம், ஹாப்ஸ் கசப்பு மிளகாய் எரிச்சலை ஏற்றிவிடும்.

பிடித்ததை பிராண்ட் பெயரால் மட்டும் நினைவில் வைக்காமல் வகைப் பெயரையும் போனில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஊரில் அந்த பிராண்ட் இருக்காது, ஆனால் "கோதுமை பீர் என்ன இருக்கு?" என்று கேட்கலாம்.