திடீரென்று கடிக்கவில்லை, நீங்கள் பார்க்கவில்லை

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாளாக அதுதான் ஓடுகிறது. அந்தக் கன்யூர் கிளி விரலைக் கடிக்கிறது, வீடியோவில் இருக்கும் அண்ணன் அதன் அலகில் ஒரு சுண்டு சுண்டுகிறார், அது தோளிலிருந்து விழுகிறது, பின்னால் சிரிப்புச் சத்தம். தலைப்பு "வயசுக்கு வந்த திமிரு". இதயம் போட்டவர்களில் என் நட்பு வட்டத்து ஆட்கள் மட்டும் 11 பேர். ஆமாம், உட்கார்ந்து எண்ணினேன்.

நான் அங்கே எழுதியது இரண்டே வரி. "அது திடீரென்று கடிக்கவில்லை. கடிப்பதற்கு முன்னால் மூன்று தடவை சொல்லியிருக்கிறது." இதற்குத்தான் அத்தனை பதில். "வந்துட்டார் பறவை டாக்டர்" என்று ஒருவர். சரி, போகட்டும். "பிள்ளை குட்டி இல்லாதவர் கிளியைத்தான் கொஞ்சுவார், விடுங்க பாஸ்" என்று இன்னொருவர். அதைப் பற்றி நான் இங்கே பேசப்போவதில்லை.

கிளியைப் பற்றி மட்டும் பேசுவோம். ஒலியை அணைத்துவிட்டு அந்த வீடியோவை இன்னொரு முறை பாருங்கள். விரல் கிட்டே வந்ததும் இறகெல்லாம் உடம்போடு ஒட்டி, பறவை ஒல்லியாகிப் பின்னால் சாய்கிறது. ஒன்று. கண்மணி சுருங்கிச் சுருங்கி விரிகிறது, வால் விசிறி மாதிரி பரவுகிறது. இரண்டு. அலகைத் திறந்து காட்டுகிறது. காட்டுகிறது, அவ்வளவுதான், கடிக்கவில்லை. மூன்று. விரல் இன்னும் முன்னால் போகிறது. அதற்கப்புறம்தான் கடி. கண்மணி துடிப்பது சந்தோஷத்திலும் வரும், பிடித்த விதையைக் கண்டாலும் வரும், அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது என்று எனக்கும் தெரியும். ஆனால் மூன்றும் சேர்ந்து வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வேண்டாம்.

கிளிக்கு அலகுதான் கை. குஞ்சாக இருக்கும்போது சட்டைப் பித்தான், காது, பேனா மூடி என்று எல்லாவற்றையும் கவ்விப் பார்க்கும். அது கடி இல்லை, விசாரணை. விரலில் ஏறும் முன்னால் அலகால் விரலைப் பிடித்துப் பார்க்குமே, அதுகூட இந்தக் கிளை தாங்குமா என்ற சோதனைதான். அந்த நேரத்தில் நாம் அலறிக்கொண்டு கையை இழுத்தால், இந்தக் கிளை ஆடுகிற கிளை என்று கற்றுக்கொள்ளும். அடுத்த முறை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். நாம் இன்னும் வேகமாக இழுப்போம். அப்புறம் "கடிக்கப் பழகிடுச்சு" என்போம்.

அந்தக் குஞ்சுப் பருவம் கடந்த பிறகு வருவதுதான் இந்த "திமிர்". காக்கட்டீல் என்ற கொண்டைக் கிளிக்கு ஒரு வயதுக்குள்ளேயே வந்துவிடும். சின்னக் கன்யூர்களுக்கு ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள், ஆப்பிரிக்கன் கிரே என்ற சாம்பல் கிளிக்கு மூன்று முதல் ஐந்து வயதுக்குள். நேற்றுவரை மடியில் உருண்ட பறவை இன்று கூண்டுக்குள் கையை விட்டால் பாயும். ஹார்மோன். சில மாதங்களில் வேகம் குறையும், பொறுத்திருந்தால். பொறுக்க மாட்டாமல் வேறு கைக்குத் தள்ளிவிடுவதும் இந்தச் சில மாதங்களில்தான் அதிகம்.

நான் ஏதோ ஞானி மாதிரி பேசுவதாக நினைக்க வேண்டாம். என் கன்யூர் பட்டாணிக்கு ஒன்றரை வயதில் இது வந்தது. (அவன் என்கிறேனே தவிர, இந்த வகைக் கன்யூரில் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. டி.என்.ஏ. பரிசோதனையும் செய்யவில்லை. அவளாகவும் இருக்கலாம்.) ஒருநாள் இரவு போனில் பேசிக்கொண்டிருந்தபோது கீழுதட்டைக் கவ்வித் தொங்கிவிட்டான். வலியில் தட்டிவிட்டேன். சுவரில் மோதி விழுந்தான். ஒரு டென்னிஸ் பந்து விழுந்தால் வருகிற சத்தம்கூட வரவில்லை. எழுந்து நடந்தே கூண்டுக்குப் போய்க் கடைசி மூலையில் முதுகைக் காட்டி நின்றான். மூன்று வாரம் என் கைக்கு வரவில்லை. உதட்டில் தழும்பு இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்தால் எனக்கு வலி ஞாபகம் வருவதில்லை, அந்தச் சத்தம் வராததுதான் ஞாபகம் வருகிறது.

பிறகு யோசித்துப் பார்த்தால் தப்பு முழுக்க என்னுடையது. இரவு 11 மணி வரை விளக்கு எரியும், டிவி ஓடும். 10, 12 மணி நேரம் இருட்டில் தூங்க வேண்டிய பறவை, நீண்ட பகலைப் பார்த்து இனப்பெருக்கக் காலம் வந்துவிட்டது என்று நினைத்தது. சோபா மெத்தைக்குப் பின்னால் இருட்டுச் சந்து ஒன்றைப் பிடித்து வைத்திருந்தான், அதை விளையாட்டு என்று நினைத்தேன். அவனுக்கு அது கூடு. போதாததற்கு முதுகையும் இறக்கைக்கு அடியிலும் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தலை, கன்னம், அதோடு நிறுத்த வேண்டும். முதுகில் தடவினால் பறவைக்கு அது ஜோடி சேர்கிற சேதி. இத்தனையும் செய்துவிட்டு, அவனைத் திமிர் பிடித்தவன் என்றேன்.

சோபா இடுக்கை அடைத்தேன். எட்டு மணிக்கு விளக்கை அணைத்தேன். கூண்டுக்குள் கை விடுவதை நிறுத்தி, வெளியே குச்சியை நீட்டி, ஏறினால் ஒரு சூரியகாந்தி விதை. ஏறாவிட்டால் ஒன்றும் இல்லை, கோபமும் இல்லை. கடித்தால் கத்தாமல், முகத்தைக்கூடச் சுளிக்காமல் மெதுவாக இறக்கிவிட்டு நகர்ந்துவிடுவது. கத்தினால் அதற்கு அது நல்ல வேடிக்கை, மறுபடி கேட்கும். இதெல்லாம் எழுத எளிது. உதட்டில் ரத்தத்தோடு முகத்தைச் சுளிக்காமல் இருந்து பாருங்கள்.

இனி வரப்போகும் பதில்களுக்கு இப்போதே பதில்.

"சின்னத் தட்டுதானே?" பட்டாணியின் எடை 70 கிராம். உங்கள் எடை 70 கிலோ என்றால், உங்களைப்போல ஆயிரம் மடங்கு எடையுள்ள ஒருவர் உங்கள் வாயில் "சின்னதாக" ஒரு சுண்டு சுண்டட்டும். அப்புறம் பேசுவோம்.

"தட்டித்தான் வளர்த்தேன், இப்போ கடிக்கிறதே இல்லை." இருக்கலாம். சொல்லிப் பிரயோசனம் இல்லை என்று அது சொல்வதை நிறுத்தியிருக்கலாம். வேறு சில பறவைகள் முன்னறிவிப்பை விட்டுவிட்டு நேரடியாகக் கடிக்கும். எது வாய்க்கும் என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

"எல்லாத்துக்கும் ஹார்மோனா?" இல்லை. புது இறகு முளைக்கும்போது குருத்துக்குள் ரத்தம் ஓடும், தொட்டாலே வலிக்கும். உடம்பு சரியில்லாவிட்டாலும் கடிக்கும். பறவை நோயை மறைக்கும், நமக்குத் தெரியும்போது முற்றியிருக்கும். சாதுவான பறவை சட்டென்று மாறினால் முதலில் பறவை மருத்துவரிடம் போங்கள்.

"கிளியைக் கூண்டில் வைப்பதே கொடுமை, இதில் உபதேசம் வேறு." இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. நாய் பல்லாயிரம் வருடமாக மனிதனோடு கிடந்து பழகியது, கிளி அப்படி இல்லை, அதன் உடம்பிலும் மூளையிலும் இருப்பது காடுதான். கையால் ஊட்டி வளர்த்ததைத் திறந்துவிட்டால் பெரும்பாலும் பிழைக்காது என்பதும் உண்மை. வைத்திருப்பவன் அதன் பேச்சையாவது கேட்க வேண்டாமா? சரி, மழுப்புகிறேன். தெரிகிறது.

அலெக்ஸ் என்ற ஆப்பிரிக்கன் கிரே. அமெரிக்க விஞ்ஞானி ஐரீன் பெப்பர்பெர்க் 1977இல் வாங்கி, 2007இல் அது சாகும்வரை அதனோடு ஆய்வு செய்தார். பாடம் சலித்துவிட்டால் அலெக்ஸ் ஆங்கிலத்தில் சொல்லும், கூண்டுக்குத் திரும்பிப் போகணும் என்று. அலெக்ஸுக்கு வார்த்தை கிடைத்தது. பட்டாணிக்கு அலகுதான் இருக்கிறது.

எனக்கும் 14 வயது இருந்தது. சாப்பாடு வேண்டாம் என்று மூன்று முறை சொன்னேன், யாருக்கும் கேட்கவில்லை. நான்காவது தடவை தட்டை நகர்த்தினேன், அந்தச் சத்தம் கேட்டது. அறை விழுந்தது. எதிர்த்துப் பேசுகிற வயசு என்று வந்த சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். இந்த வீடியோவில் சிரிக்கிறார்களே, கிட்டத்தட்ட அதே சிரிப்பு. அண்ணன் நல்லவராகவே இருக்கட்டும், எனக்கு அவரிடம் சண்டை இல்லை. அந்தச் சிரிப்போடுதான் எனக்குச் சண்டை.

அப்புறம், பேசமாட்டேன் என்றேன், பேசிவிடுகிறேன். பிள்ளை இல்லைதான். அதற்குப் பதிலாகக் கிளி வாங்கவில்லை. வாங்கியிருந்தாலும் உங்களைக் கேட்டிருக்க மாட்டேன். இதயம் போட்ட 11 பேரில் இரண்டு பேர் என் வீட்டில் வந்து பட்டாணியைத் தோளில் ஏற்றிப் படம் எடுத்துக்கொண்டவர்கள். கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல உங்களுக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். கிளிப்பிள்ளைக்குப் புரிந்துவிட்டது.

"இவ்வளவு பேசுறீங்களே, உங்க கிளி இப்போ கடிக்கிறதே இல்லையா?" என்று கேட்பீர்கள். கடிக்கிறான். இன்று காலைகூடக் கடித்தான். தலைக்குக் குளித்துவிட்டு, புதிதாக வாங்கிய சிவப்புத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு போய்க் கூண்டைத் திறந்தேன். பின்னால் சாய்ந்தான், வாலை விரித்தான், வாயைத் திறந்து காட்டினான். எனக்கு வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.